கை நீட்டும் திசை

குவோப்பியோவில் டிசம்பர் என்றால்
மூன்று மணிக்கே கடை சாத்திவிடும் வெளிச்சம்.
அதற்குப் பிறகுதான் என் வேலை.
சொந்தக்காரர்கள் பணம் கட்ட மறந்த
வலைத்தளப் பெயர்களை ஏலத்தில் எடுக்கிறேன்:
மூடிப்போன நடனப் பள்ளி, கலைந்துபோன தேனீச் சங்கம்,
விவாகரத்தில் பாதியாகிய ஒரு பேக்கரி.

உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்பதில்லை.
யார் யார் இன்னும் அதை நோக்கிக்
கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்,
அதுதான் கணக்கு.

நாலு பேர் சொன்னால் நம்புகிற எந்திரம் அது.
அந்த நாலு பேர் யார் என்று கேட்கும்,
அவர்களை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்றும் கேட்கும்.
தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது
அங்கே சல்லிக்காசு பெறாது.
(இந்த ஒன்றிலாவது மனுஷரைவிட மேல்.)

அக்டோபரில் சிக்கியது
தௌனோ ரிஸ்ஸனெனின் பக்கம். நூற்று எண்பது யூரோ.
இருநூற்றுப் பன்னிரண்டு கைகள் அதை நோக்கி:
இரண்டு பள்ளிகள், மீட்புத் துறை,
தூண்டில்காரர் சங்கம்,
பல்கலைக்கழகத்தில் யாரோ ஓர் ஆய்வாளர், அடிக்குறிப்பில்.

ஒன்றுகூட விலைக்கு வாங்கியதல்ல.
வாங்கிய கைகள் ஒரே மாதத்தில் நீளும்,
ஒரே சொல்லைப் பிடித்திருக்கும்.
எனக்குத் தெரியும்; நான் அவற்றைச் செய்து விற்கிறேன்.
இவையோ, ஒன்று "இங்கே பார்" என்றது,
ஒன்று "தௌனோவைக் கேள்",
பள்ளிப் பிள்ளைகளுடையது, எழுத்துப் பிழையோடு, "பனிக்கட்டி மாமா".

வழக்கத்தை மீறிப் பழைய பிரதியைத் திறந்தேன்.
பதினேழு குளிர்காலம், தினம் காலையில்
கல்லவேசி ஏரியில் துளைபோட்டு
உறைபனி எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்.
படம் கிடையாது. வேறு பேச்சு கிடையாது.
கண்ணைக் குத்தும் பச்சை எழுத்து.
கடைசி வரி போன மார்ச்: 41.

மறுநாள் அத்தனை கைகளையும்
உடனடிக் கடன் கம்பெனி ஒன்றின் பக்கம் திருப்பிவிட்டேன்.
ஒரே ஒரு வரி. நான்கு நிமிடம்.
மூன்றாம் பக்கத்தில் கிடந்த கம்பெனி
நவம்பர் முடிவதற்குள் முதல் பக்கத்தில் ஏழாவது.
வெலிமட்டி போனில் சிரித்தான். போனஸும் போட்டான்.

பிறகு குளிர் இறுகியது.
வந்தவர்களின் பதிவேட்டைப் பார்க்கிறேன்:
காலை ஆறு நாற்பது. ஆறு ஐம்பத்திரண்டு. ஏழு ஐந்து.
ஏரி தாங்குமா என்று கேட்டு வந்தவர்களிடம்
பத்தே நிமிடத்தில் இரண்டாயிரம் யூரோ என்றிருக்கிறோம்.
மூன்று விநாடி நின்று போயிருக்கிறார்கள்.
ஒருவர் மட்டும் ஐந்து முறை வந்திருக்கிறார்,
தெரு மாறிவிட்டோமோ என்று
திரும்பத் திரும்ப முனைவரை போய்ப் பார்ப்பவர்போல.

நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை.
ஐந்தாம் தேதி வாடகை.
ஆனாலும் அந்த ஒரு வரியை எடுத்தேன்.
வெற்றுப் பக்கம். அதில், அதே பச்சையில்:
"இன்று யாரும் அளக்கவில்லை."

கம்பெனி பதினெட்டுக்கு இறங்கியது, பிறகு முப்பதுக்கு.
வெலிமட்டி இப்போது குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறான்.

சொல்ல மறந்தேன்.
போன செவ்வாய் இருநூற்றுப் பதின்மூன்றாவது கை நீண்டது.
படகுத்துறைக் காப்பிக்கடை. அதை யாரும் சுட்டுவதில்லை;
எந்திரத்தின் கணக்கில் பூஜ்யத்துக்கு அடுத்த வீடு.
என் வெற்றுப் பக்கத்தைக் காட்டி எழுதியிருக்கிறது:
"இவர்கள் தெரியாததைத் தெரியாது என்கிறார்கள்."

அன்றிரவு
பனியில் துளைபோடும் கருவி என்ன விலை என்று தேடினேன்.
முதல் பக்கத்தில் வந்த எதையும்
நான் நம்பவில்லை.