லாபம், ரெண்டு

கீழமாரட் வீதியில் மூட்டை எண்ணும்போது
ஒன்று என்று தொடங்கமாட்டோம்.
லாபம், ரெண்டு, மூணு.
பகல் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

ராத்திரி, வெங்காய மண்டிக்கு மேலே
மனமகிழ் மன்றம், இரண்டாம் மாடி.
ரம்மி மேசைகளைத் தாண்டிப் போனால்
மூலையில் பச்சைத் துணி விரித்திருப்பான் நிஸ்தார்.
கோவாவில் கப்பலில் ஆறு வருஷம் சீட்டுப் போட்டவன்.
இருபத்தொன்றுதான் ஆட்டம். ஒற்றைக் கட்டு.
கடைசிச் சீட்டுவரை இறக்குவான்,
அதில் அவனுக்கு ஒரு பெருமை.

ரெண்டிலிருந்து ஆறுவரை எது போனாலும்
எனக்கு ஒரு லாபம்.
பத்து, படங்கள், ஆஸ் போனால் ஒரு நட்டம்.
ஏழு எட்டு ஒன்பது நடுத்தரச் சரக்கு, எண்ணுவதில்லை.
உதடு அசையக் கூடாது.
தேன்மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன்.

மழை பெய்த வெள்ளிக்கிழமை
லாபம் நாலில் நிற்க, ஐந்நூறு வைத்தேன்.
எனக்குப் பத்தொன்பது.
அவன் திருப்பினான்: எட்டு, ஐந்து.
இழுத்தான், இன்னொரு எட்டு.
"இருபத்திரண்டு, போச்சு."
ஐந்நூறை என் பக்கம் தள்ளினான்.

ஒச்சப்பன் கொட்டாவி விட்டார்.
ஒரு மூட்டை கூடிப்போனதென்று
வாடிப்பட்டி வரை லாரியைத் துரத்தியவன் நான்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

கட்டு தீர்ந்தது. கடைசியாக டைமண்ட் நாலு.
எல்லாம் இறங்கினால் என் கணக்கு
சைபரில் வந்து உட்கார வேண்டும்.
உட்காரவில்லை. ஒரு லாபம் மிச்சம்.
மறுகட்டு. மிட்டாயைக்கூடச் சப்பாமல் எண்ணினேன்.
லாபம்.
அதற்கடுத்ததும் லாபம்.

பெரிய சீட்டு ஒன்று கட்டிலேயே இல்லை.
ராஜாவா, ராணியா, ஆஸா,
என் கணக்குக்கு முகம் தெரியாது.

சொல்லலாம்:
தம்பி, ஐம்பத்தொன்றுதான் இருக்கு.
எப்படித் தெரியும் என்பான்.
அதோடு அந்த மாடிப்படி எனக்கு இல்லை.

அப்புறம்தான் உறைத்தது,
ஆறு வருஷம் கப்பலில் போட்டவனுக்கா
எட்டும் ஐந்தும் எட்டும் கூட்டத் தெரியாது?

கலைத்துக்கொண்டே கேட்டான்,
"வெங்காயம் கிலோ என்ன போகுதுண்ணே?"
"இருபத்தொண்ணு."
"இருபத்திரண்டுன்னுல்ல சொன்னாய்ங்க."
சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீழே யாரோ தார்ப்பாய் இழுக்கும் சத்தம்.
நூறு வைத்து,
போடு என்றேன்.