ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே

நெஃபாசித்திலிருந்து அஸ்மாராவுக்கு ஏறும்போதுதான்
முதலில் கவனித்தேன்.
ஐந்திலிருந்து நான்குக்குப் போ என்றால்
செயின் போகிறது,
போன கையோடு திரும்பி வருகிறது.
உள்ளே வரலாமா வேண்டாமா என்று
வாசலிலேயே செருப்பை உரசும் விருந்தாளி போல
கடகடவென்று நடுவில் நிற்கிறது.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
அவசரமில்லாமல் என்னைத் தாண்டிப் போனது.
அதற்குக் கியர் இல்லை.

முதல் பழி கேபிளுக்கு.
உருவியெடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து,
திரும்பக் கோத்தேன்.
அடுத்த பழி செயினுக்கு.
அதற்கடுத்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது,
என் முழங்காலுக்கு.

கேபிள் நுனியில் இருக்கும் குமிழைக்
கால் சுற்று திருகினால் நான்கு சரியாகும், ஏழு கெடும்.
அரைக்கால் சுற்று திருப்பினால்
ஏழு சமாதானமாகும், நான்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
இரண்டு எல்லை ஸ்குருக்கள் இருந்தன,
இதற்கு மேல் போகாதே என ஒன்று,
இதற்குக் கீழே போகாதே என ஒன்று.
எல்லையில் கை வைத்தவர்கள் கதை
எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு.
நான் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை
கரண்ட் போவதற்கு முன்
பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி
ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
பல்சக்கரங்கள் நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்திருக்க,
கியர் மாற்றி மட்டும்
ரகசியம் கேட்பவன் போல்
சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.
அது தொங்கும் இரும்புக் காது
உள்ளே வளைந்திருந்தது.

காது தானாக வளையாது.
வலப்பக்கமாக விழ வேண்டும்.
நான் விழவில்லை.
போன மாதம் ஒருநாள் இரவல் வாங்கிய மெங்ஸ்தியாப்
கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டான்.
அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
அவன் தன் சட்டையைக்கூடத் துவைப்பதில்லை.

காதை நிமிர்த்த ஒரு கருவி உண்டாம்,
இத்தாலியில்.
இங்கே ஒரு குறுக்குவழி:
பழைய சக்கரத்தின் அச்சு மரையும்
காதின் மரையும் ஒன்றே.
கெஜெரெத் தெருவில் அப்படியொரு சக்கரம்
ஒரே ஒருவனிடம் இருந்தது.

கதவைத் தட்டினேன்.
"உன் பின்சக்கரம் வேணும்."
"எதுக்கு ரிக்பே?"
"காதுல மாட்ட."
அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று
சத்தமில்லாமல் கழன்று விழுந்தது.
சக்கரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான்.

சைக்கிளின் விலாவில் இன்னொரு சக்கரம்
தொங்குவதைப் பார்த்து
மாடியிலிருந்து அபிரெஹெத் கத்தினாள்:
"உனக்கு மரை கழண்டிருச்சா?"
"இல்ல, இப்பதான் பிடிச்சிருக்கு."

இரண்டு சக்கரத்துக்கும் நடுவே
தீப்பெட்டியை வைத்து அளந்தேன்.
மேலே இரண்டு பெட்டி இடைவெளி,
கீழே ஒன்றுதான்.
அவன் சைக்கிளை இறுக்கிப் பிடிக்க
கீழ் விளிம்பை வெளியே இழுத்தேன்.
ஸ்டீல். முனகியது, வந்தது.
இன்னும் கொஞ்சம். அளவு. இன்னும்.

"மெல்ல," என்றான்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
"ஆர்பரோபா வளைவுல," என்றான்,
தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஆடு."
"என்ன நிறம்?"
யோசித்தான். அதிகமாகவே யோசித்தான்.
"தீப்பெட்டியக் குடு," என்றேன்.

மறுநாள் விடியலில், பேக்கரிக்குப் போகும் வழியில்,
ஐந்து.
நான்கு.
ஒரு சொடக்கு, அவ்வளவுதான்.
பல்லில் பல் உட்கார்ந்தது.
ரொட்டி மணக்கும் தெரு முழுக்க
தேவையில்லாமல் மாற்றிக்கொண்டே போனேன்,
ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி இரவல் கேட்டான்.
சாவியைக் கொடுத்தேன்,
ஆட்டைக் கேட்டதாகச் சொல் என்று.

ஏழில் மட்டும் இன்னும்
ஒரு முணுமுணுப்பு இருக்கிறது.
ஏழில் நான் அதிகம் ஓட்டுவதில்லை.