அடுத்த தரிப்பு, குசினி

சாப்பாட்டு மேசையின் நாலு கதிரைகளையும்
ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வைத்தாயிற்று.
ஸ்டியரிங், புட்டுப்பானை மூடி.
கால் ஆடுகிற கதிரையில்
ஐந்து கிலோ சிவப்பரிசிப் பை ஏறியிருக்கிறது,
என் சால்வையால் இடுப்புப் பட்டி கட்டி.
அதற்கு வயது போய்விட்டதாம்,
யாரும் எழுப்பக் கூடாதாம்.

"அடுத்த தரிப்பு, குசினி.
கதவுக்குக் கிட்ட நிக்காதேங்கோ!"

இந்தக் குரலைத்தான் போன மாதம்
தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில்
ஒலிவாங்கிக்கு முன்னால் தேடினோம்.
நாற்பது செக்கன். நான் எண்ணினேன்.
பாடமாக்கிய நாலு வரியும்
புதுச் சப்பாத்தின் நுனியில் கிடப்பதுபோல
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.
அதுதான் கூடுதலாகக் குத்தியது.

பள்ளிக்கூட அறிக்கையிலும் ஒரு வரி:
சேயோன் வகுப்பில் வாய் திறப்பது குறைவு.
அகராதி தேவைப்படும் இங்கிலீஷ் இல்லை.
ஆனாலும் மூன்று தரம் வாசித்தேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
நீச்சலுக்கு விடு, கராத்தேக்கு விடு,
வல்லாரை கொடு.
வல்லாரை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். துப்பினான்.

ஒரு சனிக்கிழமை,
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில்
முட்டையை நீயே உடை என்றுவிட்டேன்.
திட்டமெல்லாம் இல்லை, கண் எரிந்தது.
முதல் முட்டை நிலத்துக்கு.
இரண்டாவது பாதி கோப்பைக்கு, பாதி சட்டைக் கைக்கு.
என் கை இருக்கிறதே,
அது என்னைக் கேளாமலே நீளும்:
சப்பாத்து நாடாவுக்கு, ஸிப்புக்கு,
உன் பெயர் என்ன என்று யாரும் கேட்டால்
அவன் வாய்க்கும்.
அன்றைக்கு அதைத் துவாயால் சுற்றி
மடியில் வைத்திருந்தேன்.
மூன்றாவது.
டொக்.
ஓட்டுத் துண்டுகள் மிதக்க
மஞ்சள் கரு உடையாமல் இறங்கியது.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
முட்டையைத்தான் பார்த்தான்.
பொரியலில் நறுக்கென்று கடிபட்டதை
இருவரும் சொல்லிக்கொள்ளாமல் விழுங்கினோம்.

அதன்பிறகுதான் இந்த பஸ்.
பின்னேரம் ஐந்து மணிச் சேவை, தினமும்.
காலாவதியான நூலக அட்டைதான் டிக்கெட்.
கரடி அட்டையில்லாமல் ஏறினால் இறக்கிவிடுவான்,
மழையென்றால் ஏற்றுவான்.
சட்டம் அவனுடையது.
நான் கடைசிக் கதிரைப் பயணி.
குசினி வந்ததும் எழும்பினேன்.

"அம்மா, ட்ரைவருக்குத் தாங்க்யூ சொல்லேல்லை."
சொன்னேன்.
"கேக்கேல்லை."
திரும்பச் சொன்னேன்.
"நீங்கள் உண்மையான பஸ்ஸிலயும் சொல்லுறேல்லை."

மூடியைத் திருப்பியபடியே சொன்னான்,
முன்னால் ஒரு வளைவு போல.

உண்மைதான்.
சிட்னியின் இந்தப் பக்கத்தில் இறங்குகிறவர்கள்
பின்கதவிலிருந்து முன்னுக்குக் கத்துவார்கள்,
தாங்க்யூ என்று,
பள்ளிப் பிள்ளைகள், தொப்பிக் கிழவர், எல்லோரும்.
ஏழு வருடமாக நான்
தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்குகிறேன்,
கண்ணாடியில் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று.
என் உச்சரிப்பைப் பற்றி
இந்த வீட்டில் யாரிடமும் வாய் திறந்ததில்லை.
எப்படிக் கண்டானோ.

திங்கள் காலை, பென்டில் ஹில்.
அட்டையை அவனே தட்டினான். டிங்.
சிவப்புப் பொத்தானையும் அவனே,
ஒரு தரிப்பு முந்தியே.
கதவு திறந்தது.
அவன் என்னைப் பார்த்தான், நான் அவனை.
யார் முதல் தொடங்கினோம் என்று தெரியவில்லை.
என்னுடையது நடுவில் உடைந்தது,
ஓடும் கொஞ்சம் கலந்திருக்கும்.
ஒரு ஆள் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார்.
ட்ரைவர் ஒரு கையைத் தூக்கினார்.

நடைபாதையில்,
"அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றேன்.
"உங்கட கேட்டது.
என்ர கொஞ்சம் சின்னன்" என்றான்,
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு,
"நாளைக்குப் பாப்பம்."