முள்முருங்கை

கனாலாவில் மாண்டரின் பழுக்கும் மாதம்.
நூமேயாவிலிருந்து வந்த அதிகாரி
ஓடையோர முள்முருங்கைகளைக் காட்டினார்:
"அந்துப்பூச்சியின் புழு வளர்வது இதில்தான்.
வெட்டிவிடுங்கள்."

மார்செலின் அவருக்குக் காப்பி ஊற்றினாள்.
அது சிவந்து பூத்தால்தான்
கிழங்கு நட மண் கிளறுவோம் என்பதைச்
சொல்லவில்லை.

இரவு. நெற்றியில் விளக்கு, கையில் வலை.
இலைக்குள் இரண்டு கனல்,
பக்கத்திலேயே இன்னும் இரண்டு.
ஊசிவாய் தோலைத் துளைத்து இறங்கியிருக்கிறது.
குடிக்கிற சுகத்தில் அசையக்கூட இல்லை.

சோப்புத் தண்ணீர் வாளியில் நாற்பத்தொன்று.
பின்சிறகின் மஞ்சள் மட்டும் மிதக்கிறது.

விடிந்ததும் உதிர்ந்ததைப் பொறுக்கிப் புதைக்கிறாள்:
பழத்துக்கொரு பொட்டுத் துளை,
சுற்றிலும் கொழகொழ அழுகல்.
நின்றவற்றுக்குக் காகிதப் பை,
ஏணி எட்டிய மட்டும்.

ஓடையோரம் முதல் மொட்டு.
இந்த வாரம் கிழங்குவிதை பார்க்க வேண்டும்;
விளக்குக்கு பேட்டரியும்.