முதுகின் பக்கம்

கயானியில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
பனியில் விளையாட அனுமதி இல்லை.
மழலையர் பள்ளித் தரையில்
தாள் உருளையை விரித்து
ஒவ்வொருவராகப் படுங்கள் என்றேன்,
சுற்றிக் கோடு போட.

துயிஸ்கு முதலில்.
பென்சில் அக்குளுக்கு வந்ததும்
உடம்பெல்லாம் சிரிப்பாகிச் சுருண்டுகொண்டாள்.
ஒரு பக்கக் கோடு அலையடித்துவிட்டது.
அழிக்கப் போனேன்.
"வேண்டாம், அது நான் சிரிச்ச இடம்."

ஆமோஸுக்கு ஐந்தரை.
எழுந்து தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
"இவ்வளவுதானா?
பனிச்சட்டை போட்டா நான் இதைவிடப் பெரிசு."
முதலில் தொப்புள், கதவுக் குமிழ் அளவுக்கு.
முழங்காலில் சிவப்புக் கட்டம்:
காயம் போன மாதமே ஆறிவிட்டது,
அவன் விடுவதாக இல்லை.
ஆடுகிற பல்லுக்கு ஓர் அம்புக்குறி.
இடது பாதம் முழுக்கப் புள்ளிகள்.
"மரத்துப்போறப்போ உள்ளே சோடா ஓடும்."

பிறகு நிமிர்ந்து கேட்டான்:
"என் முதுகு எங்கே?"

தாளைத் திருப்பினோம்.
வெள்ளை.
"நான் அதைப் பார்த்ததே இல்ல.
சவுனாவுல அப்பா தேய்ப்பார்.
இருக்குன்னு சொன்னார்."

துயிஸ்கு அவன் சட்டைக்குள் கைவிட்டு
விரலால் மெல்லக் கோடிழுக்க,
கண்ணை மூடிக்கொண்டு
விரல் போன வழியே அவன் தாளில் போனான்.
நடுவில் ஒரு தண்டவாளம்.
இரண்டு பக்கமும்
எங்கோ போய்த் திரும்பி வருகிற பாதைகள்.
ஓரிடத்தில் மட்டும் கூசி
கோடு தாளைவிட்டுத் தரைக்கு ஓடியது.

அடுத்து என் முறையாம்.
ஐம்பத்து மூன்று வயதில் தரையில் படுப்பது
தவணை முறையில் நடக்கிற காரியம்.
படுத்தேன். படுத்ததுமே
யாரும் சொல்லாமல் வயிறு உள்ளே போனது.
இரண்டு பென்சில்கள் இரு பக்கமும் ஊர்ந்தன.
இடுப்பருகே ஒன்று நின்றது.
"மெர்வி, மூச்சு விடு.
நீ பாதிதான் வந்திருக்கே."

விட்டேன்.
தாள் போதவில்லை.
பக்கத்தில் இன்னொன்றை ஒட்டிவிட்டு
ஆமோஸ் அறை முழுக்க ஓடிக் கத்தினான்,
யாருக்கோ பரிசு விழுந்ததைப் போல:
"மெர்விக்கு ரெண்டு தாள்! ரெண்டு தாள்!"

மாலை நாலு மணி, நல்ல இருட்டு.
அழைத்துப்போக வந்த அவன் அப்பா
சுவரில் மகனைத் தேடினார்.
எல்லோரும் முகம் காட்ட,
ஒன்று மட்டும் முதுகு காட்டித் தொங்கியது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றவர்
கையுறையைப் பல்லால் கழற்றி, என் பேனாவை வாங்கி
இடத் தோளுக்குக் கீழே
ஒரு புள்ளி வைத்தார்.
"இங்கே உனக்கு ஒரு மச்சம்."

"எப்போலேருந்து?"

"நீ பொறந்ததுலேருந்து."

ஆமோஸ் ஒன்றும் பேசவில்லை.
பனிச்சட்டைக்குள் வலக் கையை நுழைத்தான்.
இடக் கையை
மெதுவாக, மிக மெதுவாக,
அது நசுங்கிவிடாதபடி.