இடக்கைத் தெரு

மேல மாசி வீதி லாட்ஜில்
ஃபியூஸ் பெட்டியை மறைக்கத்தான்
அந்தப் படத்தை மாட்டியிருந்தோம்.
கறுப்பு மையில் அச்சான பழைய மதுரை.
முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்தது,
சட்டத்தோடு சேர்த்து நானூறு ரூபாய்.

ராத்திரி டியூட்டியில்
பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன்.
விளக்குத்தூணுக்கு இந்தப் பக்கம் வரவேண்டிய கோபுரம்
அந்தப் பக்கம் நிற்கும்.
மரத்தடியில் சவரம் செய்கிறவன்
இடக்கையில் கத்தி பிடித்திருப்பான்.
வெற்றிலை வாங்குகிறவள் இடக்கையை நீட்டுவாள்,
கடைக்காரனும் கூசாமல் இடக்கையாலேயே கொடுப்பான்.
நடுத்தெருவில் மூன்று பேருக்குப் பூணூல் வலத்தோளில்.
அமாவாசையா அன்றைக்கு?
இத்தனை இரைச்சலுக்கு நடுவில்
யாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப்போகிறார்கள்?

இருநூற்று மூன்றில் தங்கிய சிவகாசி அச்சக ஆள்
சாவி கொடுக்க வந்தபோது சொன்னார்:
தகட்டில் நேராக வெட்டினால்
தாளில் திரும்பித்தான் விழும்.
கீழே 'மதுரா' என்ற இங்கிலீஷ் எழுத்தை
வெட்டியவன் மறக்காமல் திருப்பி வெட்டியிருக்கிறான்.
ஊரைத் திருப்பத்தான் மறந்துவிட்டான்.

போன வாரம் ஃபியூஸ் போனது.
எலக்ட்ரீஷியனுக்காகப் படத்தைக் கழற்றி
கீழே சோணமுத்து சலூனில்
சுழல் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
எதிரே ஆளுயரக் கண்ணாடி.

கோபுரம் நகர்ந்து தன் இடத்துக்குப் போனது.
கத்தி கை மாறியது.
பூணூல்கள் தோள் மாறி,
செத்தவர்களை விட்டுவிட்டு மூன்று பேரும்
புளி விலை கேட்கப் போனார்கள்.
இத்தனை நாள் விரிசல் என்று நான் நினைத்த
சுவர்க் கீறல்கள் எழுத்தாக இருந்தன.
சோணமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான்:
'இங்கே குதிரை கட்டப்படாது.'

அதற்கு நேர் கீழேதான் நிற்கிறது
துரையின் வெள்ளைக் குதிரை,
லத்தி போட்டுவிட்டு.

அவன் சிரித்த சிரிப்பில்
கிண்ணத்து நுரை தெறித்தது.
நான் 'மதுரா'வைத் தேடினேன்.
கண்ணாடியில் அது
சட்டத்தின் ஓரம் ஊரும் பூச்சி வரிசை.

மேலே கரண்ட் வந்துவிட்டதென்று குரல் கேட்டது.
படத்தைத் தூக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன்.
அதே கண்ணாடியில், அவர்கள் பக்கத்தில்,
என் சட்டைப்பை வலது மார்பில்.
சோணமுத்து இடக்கையில் கத்தியோடு நிற்கிறான்.

வெற்றிலைக்குக் கை நீட்டியவள்
எங்களைத்தான் பார்க்கிறாள்.