நாலு புள்ளி ஆறு

ராயக்கோட்டை மண்டியில்
தக்காளிக்கு விலை கூவுகிறவன் நான்.
முந்நூறு, முந்நூற்றிப்பத்து, முந்நூற்றிருபது என்று
பதினேழு வருஷமாய் என் வாயில்
எண்கள் ஏறியபடிதான் இருக்கின்றன.
இறங்கட்டும் என்று ஓர் எண்ணை வேண்டிக்கொள்வது
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஆபரேஷனுக்கு முன்னால் அது எண்ணூற்று நாற்பது.
பெட்டிக்கு அந்த விலை கிடைத்திருந்தால்
விவசாயி எனக்கு டீ வாங்கித் தந்திருப்பான்.

வலது விலாவுக்குக் கீழே தழும்பு.
மார்கழியில் விடியற்காலை மூன்று மணிக்கு இழுக்கும்.
பெட்டியைத் திம்மராயன் தூக்கிக் காட்டுகிறான்,
நான் கூவுகிறேன்.
"குடியை விட்டுட்டியாண்ணே?" என்றான் ஒருநாள்.
தொட்டதே இல்லையடா என்றேன்.
சிரித்தான்.
ஈரல் கெட்டவன் குடிக்காதவன் என்றால்
மண்டியில் எவன் நம்புவான்.

ரத்தத்தில் இருந்த கிருமி, எப்போது வந்ததோ.
அதற்கொரு மாத்திரை, இரவு ஒன்பதுக்கு, ஆயுசுக்கும்.
மாதம்மாளுக்கும் பையன்களுக்கும் பரிசோதித்துத்
தடுப்பூசி போட்டாயிற்று.
மாத்திரைக்கு அவள் காலண்டரில் வைக்கும் புள்ளி
நல்லநேரத்தின் மேலும் விழுகிறது,
ராகுகாலத்தின் மேலும் விழுகிறது.

வெட்டியது சேலத்தில்.
பார்த்துக்கொள்வது தருமபுரியில்.
மாரண்டஅள்ளி தாண்டுமுன்
ஸ்கேன் படங்களை மடியில் வைத்தபடி
மாதம்மாள் தூங்கிவிடுவாள்.
முதல் தடவை டாக்டர் சீட்டின் பின்பக்கம் ஈரலை வரைந்து
மூன்றில் ஒரு பங்கை அடித்துக் காட்டினார்.
"வெட்டினது வளந்துடும்மா. ஈரலோட குணம் அது."
"அப்ப அதுவும் வளருமா சார்?"
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

மூச்சை இழு என்கிறது மெஷின்.
பிடி என்கிறது.
கையில் மருந்து ஏறும்போது
வேட்டி நனைந்துவிட்டதோ என்று ஒரு சூடு.
நனைந்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும்
தொட்டுப் பார்க்கிறேன்.
விடு என்று அது சொல்ல மறந்துவிட்டால்
நான் பிடித்தபடியே கிடப்பேன்.

படத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள்.
ரத்தத்தின் எண் மறுநாள் போனுக்கு வரும்.
அந்த நாளில் போனை அவளிடம் விட்டுவிடுவேன்.
ஏலத்தின் நடுவில்
திம்மராயன் போனில் கூப்பிட்டாள்.

"நாலு புள்ளி ஆறு."

போன தடவை மூன்று புள்ளி ஒன்பது.

"பத்துக்குள்ள இருந்தாப் போதும்னு சொல்லியிருக்காரு.
இட்லி சாப்பிட்டியா?"

ஏறுவது என் தொழில்.
புள்ளி ஏழு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
சாப்பிட்டேன் என்றேன்.

கூட்டம் காத்திருந்தது.
எங்கே விட்டேன் என்று மறந்துபோயிற்று.
"முந்நூத்தி நாப்பது" என்று
எடுத்துக் கொடுத்தான் திம்மராயன்.